பாயில் படுத்தால் என்ன?

வைகைக்கரை: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைத் தெய்வமாக்காதீர்கள். அவருடைய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் காசு கொடுத்தவனுக்குக் கட்டில், ஏழைக்குப் பாய்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். அவரைப் பற்றிப் பேச உங்களுக்குப் பாய்தான் கிடைத்ததா?

நடுத்தெரு: எழுதியது நான்தான். விரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பாய் உண்டா, இல்லையா?

வைகைக்கரை: உண்டு. அதனால் என்ன? 1976இல், 58 வயதில், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 11 படுக்கையோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் தருகிறவர் பணத்தில் தராதவருக்கும் சிகிச்சை. இரண்டு பக்கமும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறிப் பார்க்கிறார்கள். கிராமத்து முகாமில் கண்புரை என்று தெரிந்தால் பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

நடுத்தெரு: டாக்டர் ஒன்று, படுக்கை மட்டும் இரண்டா?

செல்லாயி பேரன்: எங்கள் அப்பத்தா அந்தப் பாயில்தான் படுத்திருந்தது. வீட்டிலும் பாய்தான். கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைத் தடவிப் பார்க்காமலே பேர் சொல்லிக் கூப்பிட்டது.

நடுத்தெரு: பழக்கம் என்பதால் கட்டில் வேண்டாமா? பண்ணையார்களும் இதைத்தான் சொன்னார்கள்.

வடசென்னைக்காரன்: சேவை என்றால் வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன். 5 ரூபாய் டாக்டர். 2018இல் போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தார். மதுரைக்காரர்களுக்கு எல்லாமே தங்கள் ஊரில்தான் பிறக்க வேண்டும்.

வைகைக்கரை: அவரையும் கும்பிடுகிறேன். ஆனால் காய்ச்சலுக்கு ஊசி போடுவதும் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதும் ஒரே செலவா? லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்த பிறகுதான் கூலிக்காரர் கண்ணுக்கும் அது வந்தது.

வடசென்னைக்காரன்: காய்ச்சல் ஊசி என்று மட்டம் தட்டாதீர்கள். வெள்ளத்தின்போதும் சென்னையை இப்படித்தான் பேசினீர்கள். மறக்கவில்லை.

வைகைக்கரை: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

நடுத்தெரு: பாய்க்கு இன்னும் பதில் வரவில்லை.

வைகைக்கரை: கட்டிலுக்குப் போகிற பணம் இன்னொருவர் கண்ணுக்குப் போகிறது. இதற்கு மேல் என்ன பதில்? என் அப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டில் கிடைத்தது, ஏசி கிடைத்தது. முன்பணம் கட்டும்வரை டாக்டர் மட்டும் வரவில்லை.

நடுத்தெரு: உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதை வைத்துப் பாயை நியாயப்படுத்தாதீர்கள்.

கரிசல்மண்: ஒரு திருத்தம். டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். மதுரைக்காரர் இல்லை.

வைகைக்கரை: மருத்துவமனை மதுரை அண்ணா நகரில்தானே இருக்கிறது?

கரிசல்மண்: ஆள் எங்கள் மண்.

வைகைக்கரை: சரி, ஊர்ச் சண்டை அப்புறம். நடுத்தெரு, ஒரே ஒரு முகாமுக்கு வந்து பாருங்கள். நானே கூட்டிப்போகிறேன்.

நடுத்தெரு: வருகிறேன். அப்படியே பாயையும் காட்டுங்கள்.