புரோட்டோபஃப் பதிப்புகள் கலந்ததால் நின்றுபோன பில்ட்

கேள்வி:
வணக்கம். உபுண்டு 22.04 கணினியில், ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தையும், தரவைச் சுருக்கமாகச் சேமிக்கவும் பரிமாறவும் உதவும் புரோட்டோபஃப்பையும் பயன்படுத்தும் சி++ திட்டம் ஒன்றை, சிமேக் என்ற கருவி கொண்டு பில்ட் செய்து (மூலநிரலை இயங்கும் நிரலாக்கி) வருகிறேன். சென்ற வாரம் வரை ஒழுங்காக நடந்த பில்ட், பில்ட் அடைவை அழித்துப் புதிதாகத் தொடங்கியதும், உங்கள் ஹெடர்களுக்கு (நூலகத்தின் அறிவிப்புக் கோப்புகளுக்கு) ஒவ்வாத புதிய புரோட்டோசியால் (புரோட்டோபஃப்பின் கம்பைலரால்) இந்தக் கோப்பு உருவாக்கப்பட்டது என்று பொருள்படும் பிழையோடு நின்றுவிட்டது. ஹெடர்களைப் புதுப்பிக்கும்படி அந்தச் செய்தியே சொன்னதால், புரோட்டோபஃப் 3.20.3 மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்து, மேக் இன்ஸ்டால் கொடுத்தேன். பழைய பிழை மறைந்தது. ஆனால் இப்போது எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆனபிறகு, அவற்றை நூலகங்களோடு லிங்க் செய்யும் (இணைக்கும்) இடத்தில், கூப்பிட்ட செயற்கூறு கிடைக்கவில்லை என்று பொருள்படும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்’ பக்கம் பக்கமாக வருகிறது. என் நிரலில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
நிரலில் குறை இருக்க வாய்ப்பில்லை. புரோட்டோபஃப் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், பில்டில் மூன்று உருப்படிகள் தனித்தனியே கலந்துகொள்கின்றன: நிரலை எழுதித் தரும் புரோட்டோசி, அந்த நிரல் சேர்த்துக்கொள்ளும் ஹெடர்கள், கடைசியில் லிங்க் ஆகும் நூலகம். சி++ஐப் பொறுத்தவரை மூன்றும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். புரோட்டோசி உருவாக்கிய ‘.பிபி.ஹெச்’ கோப்பைத் திறந்தால், ஹெடரின் பதிப்பு எண் 3020000-க்குக் குறைவாக இருந்தால் கம்பைலை நிறுத்தச் சொல்லும் நிபந்தனை தொடக்கத்திலேயே இருக்கும். உபுண்டு 22.04 தரும் 3.12.4 அங்கே 3012004 என்று எழுதப்படுகிறது; நீங்கள் முதலில் மோதியது அந்த நிபந்தனையில்தான். ஆகவே, நீங்கள் மூலநிரலை இறக்குவதற்கு முன்பே ஒரு 3.20 புரோட்டோசி உங்கள் கணினிக்குள் வந்திருக்கிறது. புரோட்டோசி இருக்கும் இடங்களைத் தேடித் தரும் ‘விச் -ஏ புரோட்டோசி’ கட்டளை என்ன காட்டுகிறது?

கேட்டவர்:
‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’, ‘/யூஎஸ்ஆர்/பின்’ என இரண்டு இடங்களைக் காட்டுகிறது. வேறொரு சோதனைக்காகச் சில நாட்களுக்கு முன் 3.20.3-இன் ஆயத்த ஜிப் கோப்பிலிருந்து புரோட்டோசியை மட்டும் எடுத்து அங்கே வைத்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இன்று ஹெடரையும் நூலகத்தையும் அதே 3.20.3-க்குக் கொண்டுவந்துவிட்டேனே, பிறகு ஏன் லிங்க் ஆகவில்லை?

மறுமொழி 2:
சிமேக்கின் நினைவாற்றல்தான் காரணம். நீங்கள் மூலநிரலை நிறுவும் முன்பே, நூலகம் ‘/யூஎஸ்ஆர்/லிப்’பின் கீழ் இருக்கிறது என்று, சிமேக் தன் தேடல் முடிவுகளைச் சேமிக்கும் சிமேக்கேச் கோப்பில் முழுப் பாதையோடு எழுதப்பட்டுவிட்டது, அதன்பின் அது வேறெங்கும் தேடாது. ஹெடர் அப்படியன்று. கம்பைலர் தன் இயல்பிலேயே ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவை முதலில் பார்ப்பதால், யாரும் கேட்காமலே 3.20.3 ஹெடர் உள்ளே வந்துவிட்டது. புதிய ஹெடர் கூப்பிடும் செயற்கூறுகள் பழைய நூலகத்தில் எப்படி இருக்கும்? பில்ட் அடைவை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள், லிங்க் ஆகிவிடும்.

மறுமொழி 3:
லிங்க் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் நான் அங்கே நிறுத்த மாட்டேன். உபுண்டுவின் ஓப்பன்சிவியில் டிஎன்என் (நரம்பியல் வலையமைப்பு) பகுதி, 3.12.4-க்குரிய ‘லிப்புரோட்டோபஃப்.எஸ்ஓ.23’ஐச் சார்ந்தது. நீங்கள் அந்தப் பகுதியைப் பயன்படுத்தினால், ஒரே நிரலுக்குள் இரண்டு புரோட்டோபஃப் நூலகங்கள் ஏறும். பில்ட் நேரத்தில் தப்பித்த தகராறு இயங்கும் நேரத்தில் வந்து நிற்கும், அதைத் தேடிப்பிடிப்பது இதைவிடக் கடினம். 3.20-இல் மட்டுமே உள்ள வசதி எதுவும் தேவையில்லை என்றால், மூலநிரல் அடைவுக்குள் சென்று மேக் அன்இன்ஸ்டால் கொடுத்து, நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கையும் ஒருமுறை இயக்கி, மூன்றையும் 3.12.4-க்கே திருப்பிவிடுங்கள். உபுண்டுவின் தொகுப்பு மேலாளரான ஏப்டியின் ‘ரிமூவ்’ இதற்கு உதவாது. கையால் நிறுவியவை அதன் கணக்கில் இல்லை.

கேட்டவர்:
டிஎன்என் பகுதியைப் பயன்படுத்துகிறேன், அதனால் மூன்றாம் மறுமொழியின்படியே செய்தேன். பில்ட் அடைவை அழித்துத் தொடங்கியபின்னும் முதல் பிழை ஒரே ஒரு கோப்பில் திரும்ப வந்தது. பார்த்தால், 3.20.3 உருவாக்கிய ‘.பிபி.ஹெச்’ ஒன்றை நானே கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் களஞ்சியத்தில்) சேர்த்து வைத்திருந்தேன். அதை நீக்கியதும் பில்ட் முடிந்தது, சோதனைகளும் ஓடின. முதல் நாள் சிமேக் வெளியிட்ட பதிவைத் தேடிப் பார்த்தேன். புரோட்டோபஃப் கம்பைலரின் பதிப்பு 3.20.3, நூலகத்தின் பதிப்பு 3.12.4, இரண்டும் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. வேகமாக ஓடிய வரிகளுக்கிடையே அதை நான் கவனிக்கவில்லை.