'ஆஃபர்' என்று ஃபில்டர் போட்டேன், ஆஃபர் லெட்டரே போய்விட்டது. ஸ்பேமை எப்படித்தான் தடுப்பது?

கேள்வி:
தினமும் 60, 70 ஸ்பேம் வருகிறது. கடுப்பாகி, தலைப்பில் 'ஆஃபர்', 'லோன்', 'இலவசம்' எது இருந்தாலும் அழித்துவிடும்படி ஃபில்டர் எழுதினேன். இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் இன்டர்வியூ முடித்த இடத்திலிருந்து போன்: "ஆஃபர் லெட்டர் அனுப்பி ஆறு நாள் ஆச்சு, பதிலே காணோமே?" குப்பையில் கிடந்தது. ஸ்பேம்காரனோ 'லோ.ன்' என்று நடுவில் புள்ளி வைத்து ஜம்மென்று உள்ளே வருகிறான். சொந்த டொமைன், வாடகை சர்வர், அதில் ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டும் நிரல் இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில் 1:
முதல் வேலையாக அந்த 'அழி'யைத் தூக்குங்க, தனி ஃபோல்டருக்குத் தள்ளினால் போதும். ஒரே சொல்லை வைத்துத் தீர்ப்பு சொன்னால் இப்படித்தான் ஆகும். ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு சோதனைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, நீங்கள் மாற்றாதவரை 5-ஐத் தொட்டால்தான் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். அதிலேயே பேயசியன் என்ற, பார்த்துப் பழகும் ஃபில்டர் இருக்கிறது, உங்கள் மெயிலில் எந்தச் சொல் எங்கே அதிகம் வருகிறது என்று எண்ணிப் பழகும். ஆனால் 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் இரண்டும் காட்டாமல் வாயே திறக்காது. எல்லாரும் ஸ்பேமை மட்டும் காட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள் (நானும் அப்படித்தான் இருந்தேன்). முழு விளம்பரத்தையும் படமாக ஒட்டி அனுப்பினால் அதற்கும் எண்ணுவதற்குச் சொல்லே கிடைக்காது.

பதில் 2:
கிரேலிஸ்டிங் போடுங்க. முன்பின் தெரியாத சர்வர் வந்தால் 451 (இப்போதைக்கு ஏற்க முடியாது என்ற குறியீடு) சொல்லி, அப்புறம் வா என்று திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் மறுபடி வரும், அவசரக்கார ஸ்பேம் நிரல் பெரும்பாலும் வராது.

கேட்டவர்:
போட்டுப் பார்த்தேன், ஸ்பேம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஓடிபி இருபது நிமிடம் கழித்து வருகிறது, அதற்குள் காலாவதி!

பதில் 2:
அதுதான் அதன் வியாதி. அந்த அனுப்புநர்களை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்க, வேறு வழியில்லை.

பதில் 3:
ஐபி தடைப்பட்டியலை (ஸ்பேம் அனுப்பிய சர்வர் முகவரிகளின் பட்டியல்) மட்டும் நம்பி மெயிலைத் தடுக்காதீங்க. ஒரே ஐபியில் பத்துப் பேர் இருந்து ஒருவன் ஸ்பேம் அனுப்பினால் மீதி ஒன்பது பேர் மெயிலும் நிற்கும். எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) தோற்றதுமே தள்ளுவதும் வேண்டாம், ஃபார்வேர்டு ஆகி வரும் நல்ல மெயிலும் அதில் தோற்கும். மதிப்பெண்ணில் கொஞ்சம் சேர்த்தால் போதும்.

கேட்டவர்:
சரி, ஃபில்டரை எடுத்துவிட்டேன். நல்ல மெயில் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், 140 ஆகியிருக்கிறது. ஆஃபர் லெட்டரைத்தான் முதலில் போட்டேன்.