மாத்ரேரா கோட்டை: காப்பாற்றினார்களா, கெடுத்தார்களா?

வடக்குவீதி:
ஸ்பெயினின் தெற்கே, காதிஸ் மாகாணத்தில், வில்லமார்ட்டின் ஊருக்கு வெளியே குன்றின் மேல் 9ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று. மிஞ்சியிருந்த கோபுரத்தில் ஒரு பகுதி 2013 மழைக்குப் பிறகு சரிந்தது. அதைப் பழுதுபார்த்து முடித்த படங்களை இப்போதுதான் பார்த்தேன், வயிறு எரிகிறது. பழைய கல் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்க, சுற்றிலும் மட்டப்பலகை வைத்து இழுத்த வழவழ வெள்ளைச் சுவர், கத்தியால் வெட்டின மாதிரி மூலைகள். சொத்தைப் பல்லுக்குக் கேப் போட்டது போல இருக்கிறது. ஹிஸ்பானியா நோஸ்த்ரா என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பே 2016இல் கண்டித்தது. இதை ஆதரிக்க இங்கே யாராவது உண்டா?

கரணை:
நான் இருக்கிறேன். கேப் போடாவிட்டால் பல் என்ன ஆகும்? மிச்சம் நின்றதும் விழுந்திருக்கும். கட்டிடக் கலைஞர் கார்லோஸ் கெவேதோ சொன்ன நோக்கங்களில் முதலாவதே அதுதான், விழப்போவதைத் தாங்கிப் பிடிப்பது. நீங்கள் கண்டிப்பைச் சொன்னீர்கள், அதே 2016இல் ஆர்க்கிடைசர் என்ற கட்டிடக்கலை இணையதளத்தின் விருதில் வாசகர் வாக்கு இதற்குத்தான் கிடைத்தது, அதை விட்டுவிட்டீர்கள்.

ஊர்சுற்றி:
விருது கிடக்கட்டும். அதே மாதிரிக் கல்லை வாங்கி வைத்துக் கட்டியிருந்தால் சண்டையே இல்லையே?

கரணை:
கட்டக்கூடாது. ஸ்பெயினின் 1985 பாரம்பரியச் சட்டப்படி, அசல் பாகங்களே கிடைத்து அவை அசல்தான் என்று உறுதியானால் ஒழிய, இடிந்ததை மறுபடி எழுப்ப முடியாது. நிற்பதற்காகச் சேர்ப்பது எதுவானாலும் புதுசு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. பிரான்சின் கார்கசோன் கோட்டை நகரைப் பாருங்கள், 1853இல் கட்டிடக் கலைஞர் வியோலே லெ துக் தொடங்கிய பழுதுபார்ப்பு வேலை. கோபுரங்களுக்கு வடக்கத்திக் கூம்புக் கூரை போட்டு ஸ்லேட் பலகை வேய்ந்தார், தெற்கில் ஓடுதானே வழக்கம்! இன்று போகிறவன் எது 13ஆம் நூற்றாண்டு, எது 19 என்று எப்படிப் பிரிப்பான்?

ஊர்சுற்றி:
அப்படியானால் தொடாமல் விடலாமே. இங்கிலாந்தில் கோர்ஃப் கோட்டைக்குப் போயிருக்கிறேன். உள்நாட்டுப் போரில், 1646இல், மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்தது, வாயில் கோபுரம் ஒன்று இன்னும் சாய்ந்தபடியே நிற்கிறது. யாரும் நிமிர்த்தவில்லை, வெள்ளையும் அடிக்கவில்லை. அந்தச் சாய்வைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று புரிந்துவிடும்.

கரணை:
தொடாமலா? அங்கேயும் கயிற்றில் தொங்கி வேரைப் பிடுங்குகிறார்கள், காரை பூசுகிறார்கள். உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வடக்குவீதி:
ஆமாம், கண்ணில் படவில்லை, நான் கேட்பதும் அதுதான்! சட்டத்தைச் சொன்னீர்கள், சரி. பழைய சின்னங்களைப் பழுதுபார்ப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனத்தின் 12ஆவது பிரிவையும் முழுசாகச் சொல்லுங்கள். புதுசாகச் சேர்ப்பது வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது, அதே மூச்சில் மொத்தத்தோடு இசைந்தும் போக வேண்டும் என்கிறது. இவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் காற்றில் விட்டார்கள். கொஞ்சம் உள்வாங்கி, நிறத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்திப் பூசியிருந்தால் பக்கத்தில் போய்ப் பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாதா?

கரணை:
நிறத்தில் நீங்கள் சறுக்குகிறீர்கள். அந்தக் கோபுரம் வெறுங்கல்லாக நிற்கக் கட்டியதில்லை, அசல் சுவர் மேல் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. இவர்கள் பூசியதும் சுண்ணாம்புதான். இசையவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது, பூச்சு உதிர்ந்த கல்லையே அசல் என்று கண் பழகிவிட்டதால்.

வடக்குவீதி:
பூச்சு இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் பூசிய அந்தக் காலச் சுண்ணாம்பு இப்படிக் கண்ணாடி மாதிரியா இருந்திருக்கும்? மேடு பள்ளம் இருக்கும், மூலை மழுங்கியிருக்கும். வெள்ளையை விடுங்கள், அந்த மூலைகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

கரணை:
மூலை எனக்கும் உறுத்துகிறது. பத்து இருபது மழை பெய்யட்டும், அதுவே மழுங்கும்.

ஊர்சுற்றி:
மழையில்தானே ஐயா முதலில் விழுந்தது!