கேமராவோடு பாலைவனம்: லிட்டில் ரான், ஜெய்சல்மேர் அனுபவங்கள்

குஜராத்தின் லிட்டில் ரான் உப்புப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காட்டுக்கழுதை தலைதெறிக்க ஓடும் படத்தோடுதான் திரும்புகிறார்கள். பின்னால் ஜீப் விரட்ட, கூட்டம் புழுதி கிளப்பி ஓட, பக்கவாட்டில் ஒரு கிளிக். எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதே இல்லை. விரட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். காது பின்னால் ஒட்டிக்கிடக்கும், குட்டி கடைசியில் திணறிக்கொண்டு வரும். விரட்டாமல் எடுக்க முடியும், அதுவும் இன்னும் பக்கத்திலிருந்து எடுக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு ஜெய்சல்மேரில் படமெடுத்த ஒரு தம்பி எழுதியதும், அதற்கு என் பதிலும் கீழே.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். காட்டுக்கழுதைச் சரணாலயம் கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். வற்றிய பிறகு வெடித்த களிமண், அதன்மேல் அங்கங்கே உப்புப் பூத்த வெள்ளை. நடுநடுவே 'பேட்' என்று சொல்லும் மேடுகள் இருக்கின்றன, புல்லும் சீமைக்கருவேலமும் அவற்றில்தான். மற்றபடி ஒளிந்துகொள்ள ஒரு புதர் கிடையாது. நீங்கள் கழுதையைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அது உங்களைப் பார்த்துவிடும். அதனால் மறைந்து நெருங்கும் யோசனையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே வேலைக்கு ஆவது ஒன்றுதான். ராத்திரியில் இவை ரானின் ஓரத்து வயல்களில் போய் மேய்கின்றன. விவசாயிகளுக்கு இதில் நிறைய வருத்தம் உண்டு, அதுவும் நியாயம்தான். விடியும் நேரத்தில் திறந்த வெளிக்குத் திரும்பும். எந்தப் பக்கமாகத் திரும்பும் என்று அந்த ஊர் டிரைவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு வந்தவர் இருட்டிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, "இறங்கிப் படுத்துக்கொள்ளுங்கள், எழுந்து மட்டும் நிற்காதீர்கள்" என்றார். நல்ல குளிர். சக்கரத்தை ஒட்டிக் குப்புறப் படுத்து, லென்ஸைத் தாங்கும் குட்டி மெத்தைப் பையான பீன் பேக்கில் வைத்துக் காத்திருந்தோம்.

வந்தன. முன்னால் வந்த ஆண் எங்களைப் பார்த்ததும் நின்று ஒருமுறை சீறியது. இரண்டு காதும் எங்கள் பக்கம். நாங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓடாமல், எங்களைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து நடந்தது. கூட்டமும் அதே வளைவில் பின்னால் போனது. ஃபிரேமில் அடங்காத அளவு பக்கம். விறைத்து நிற்கும் கரும்பழுப்புப் பிடரி, அதிலிருந்து முதுகு முழுக்க ஓடும் கோடு, உப்புத்தூசி அப்பிய மூக்குத்துளை எல்லாம் தெரிந்தன. ஒரு குட்டி நின்று எங்களை முகர்ந்து பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டியது. விரட்டுகிற ஜீப்புக்கு அந்தக் கழுத்து ஒருநாளும் கிடைக்காது.

அப்புறம் கானல். பாலைவனத்தில் படத்தைக் கெடுப்பது இதுதான், ஆனால் எல்லோரும் ஃபோகஸைத் திட்டுகிறார்கள். வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகி நெளியும். நீண்ட லென்ஸில் எவ்வளவு தூரத்தில் எடுக்கிறீர்களோ அவ்வளவு காற்றையும் ஊடுருவித்தான் எடுக்கிறீர்கள். டிரைபாடோ விலை உயர்ந்த லென்ஸோ இதைச் சரிசெய்யாது. வெயில் ஏறுவதற்குள் பக்கத்தில் இருப்பதை எடுத்து முடிப்பது ஒன்றே வழி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: காலைக் குளிரில் கண்ணாடி ஏற்றி ஹீட்டர் போட்டு வந்துவிட்டு, சட்டென்று கண்ணாடியை இறக்கி எடுத்தால், வண்டிக்குள்ளிருந்து வெளியேறும் சூடான காற்றே படத்தைக் குழப்பிவிடும். போனட்டுக்கு மேலாக எடுத்தாலும் அதே கதி.

வெள்ளைத் தரையைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். நான் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் வரை ஏற்றி வைத்துக்கொள்கிறேன்.

1960களில் சர்ரா போன்ற நோய்களால் இந்தக் காட்டுக்கழுதைகள் சில நூறுகளாகச் சுருங்கியிருந்தன. 2024 கணக்கெடுப்பில் 7,672. அழிவின் விளிம்பிலிருந்து திரும்பி வந்த விலங்கு. அதை ஒரு படத்துக்காக மூச்சிரைக்க ஓடவிடுகிறார்களே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

* * *

அண்ணா, அந்தக் குப்புறப் படுக்கிற விஷயத்தை நான் ஜெய்சல்மேர் பக்கம் முள்வால் பல்லியிடம் கற்றுக்கொண்டேன். அங்கே 'சாண்டா' என்பார்கள். குளிர்காலம் முழுக்க வளைக்குள் இருந்துவிட்டு, வெயில் சூடேறும் மாதங்களில் வெளியே வரும். வளை வாயை மண்ணால் அடைத்திருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மண் லேசாக அசையும், பிறகு தலை மட்டும் வரும். உடம்பு குளிர்ந்திருக்கையில் கருமையாக இருக்கும், வெயில் காயக் காய நிறம் வெளுக்கும். அந்த நிறமாற்றம் முழுவதையும் ஒரே இடத்தில் படுத்தபடி எடுத்தேன். நடுவில் உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் முடிந்தது, உள்ளே போய்விடும். லக்கர் வல்லூறு முதல் நரி வரை எல்லாம் அதைத் தின்கின்றன, மேலே எது அசைந்தாலும் அதற்குச் சாவுதான். சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி படுங்கள்.

கானமயிலை (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் பறவை) நான் தேடிப் போகவில்லை. வேண்டுமென்றேதான். இந்தியாவில் மிஞ்சியிருப்பவை 150 அளவில்தான், அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பகுதியில். தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். நாம் தடத்தை விட்டு இறங்கி, பறவை எழுந்து போனால், அந்த முட்டைக்குக் காகமும் நாயும் போதும். மின்கம்பியில் மோதிச் சாவது ஏற்கெனவே பெரும்பாடு. தடத்தில் நின்றபடி தூரத்தில் தெரிந்தது, சின்னதாக, புல்லுக்கு மேலே கழுத்து மட்டும். அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்கிறேன், கிராப் செய்யவில்லை. அந்தப் புல்வெளி முழுக்கத் தெரிவதால்தான் அது படம்.

அது இருக்கட்டும், தூசிக்கு என்ன செய்கிறீர்கள்?

* * *

தம்பி, ரானில் தூசியோடு உப்பும் இருக்கிறது, அதுதான் ஆபத்து. உப்பு ஈரத்தை இழுக்கும். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றுவதே இல்லை. இரண்டு கேமரா பாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே ஜூமோடு போய்விடுங்கள். அறைக்கு வந்ததும் முதலில் ப்ளோயர், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் துணி. நேரே துணி போட்டால் கண்ணாடியில் கீறல் விழும். கால் விரிக்கும் டிரைபாடானால் ஒவ்வொரு கணுவையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், உப்பு உள்ளே தங்கினால் திருகு இறுகிவிடும்.

மழை முடிந்த கையோடு போகிறவர்கள் டிரைவர் சொல்லும் தடத்தை விட்டு விலகச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு மாதிரி இருக்கும், கீழே சேறு. வண்டி இறங்கிவிட்டால் ஆள் அனுப்பி டிராக்டர் வரவேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும்.