ஆறில் ஒரு பங்கு அளவில் தியோரின் ‘பார்’ உடை: பாவாடை ஏன் விழாமல் விரிந்தே நிற்கிறது?

கேள்வி (சிறுதையல்):

வணக்கம். பன்னிரண்டு அங்குல ஃபேஷன் பொம்மைகளுக்கு உடை தைப்பதில் ஈடுபாடு உள்ளவள் நான். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் தியோர் 1947 பிப்ரவரி 12 அன்று பாரிசில் காட்டிய தமது முதல் தொகுப்பில் இடம்பெற்ற ‘பார்’ உடையை என்னிடமுள்ள சில்க்ஸ்டோன் (கடினமான வினைல்) பார்பிக்காகத் தைத்து வருகிறேன். இடுப்பை இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே விரியும் வெண்பட்டு மேற்சட்டையும், கெண்டைக்கால் வரை இறங்கும் கறுப்புக் கம்பளி மடிப்புப் பாவாடையும் சேர்ந்தது அந்த உடை என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள்.

அசல் உடையின் படங்களைப் பார்த்து, அளவுகளை ஆறால் வகுத்து, கடையில் கிடைத்ததிலேயே மெல்லிய கம்பளித் துணியில் பாவாடையை வெட்டினேன். மடிப்புகள் கணக்குப்படி சரியாகவே அமைந்தன. ஆனாலும் பாவாடை கீழே விழாமல் குடை விரித்ததைப் போல நிற்கிறது. இடுப்பில் துணி தடித்துப்போய், அந்த உடைக்கு உயிராக இருக்கும் ஒடுங்கிய இடை மறைந்துவிடுகிறது. அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும்போது தோற்றம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? துணியை மாற்ற வேண்டுமா, வெட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

மறுமொழி (நூலிழை):

இரண்டையும் மாற்ற வேண்டும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் அடுத்த உடைக்குத் துணி தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

ஒரு துணி எப்படி விழும் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன. கீழே இழுப்பது துணியின் எடை. வளையாமல் தாங்குவது அதன் விறைப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள விகிதத்தை ஒரே நீளமாக அளக்க முடியும் என்று 1930இல் எஃப். டி. பீர்ஸ் என்ற துணியியல் ஆய்வாளர் காட்டினார். அந்த நீளத்தை வளைநீளம் என்று வைத்துக்கொள்வோம். மனித அளவில் அழகாக விழும் கம்பளியின் வளைநீளம் 2 செ.மீ. என்றால், பொம்மையின் மீது அதே விழுகை கிடைப்பதற்கு அது ஏறத்தாழ 3 மி.மீ. ஆகக் குறைய வேண்டும். வளைநீளத்தின் மும்மடிப் பெருக்கம்தான் விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம் என்பதால், அந்த விகிதம் 6 × 6 × 6 = 216 மடங்கு குறைந்தாக வேண்டும். துணியை ஒரு தகடாகக் கருதினால், தடிமனை ஆறில் ஒரு பங்காக்கினாலும் இந்த விகிதம் 36 மடங்குதான் குறையும். அதாவது, அசல் துணியை உங்கள் பொம்மைக்கு ஏற்றபடி மிகச் சரியாகச் சுருக்கி யாராவது நெய்து கொடுத்தாலும் அது விறைப்பாகத்தான் நிற்கும். ஆகவே உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை; நீளத்தைச் சுருக்குவதுபோல் எடையையும் விறைப்பையும் ஒருசேரச் சுருக்க முடியாது.

துணிக்கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு விரல் அகலமுள்ள துணிக்கீற்றை மேசையின் விளிம்பில் வைத்து மெல்ல முன்னே தள்ளுங்கள். எவ்வளவு நீளம் வெளியே வந்ததும் முனை தொங்கிச் சாய்கிறது என்று பாருங்கள். விரைவில் சாய்கிற துணியே பொம்மைக்கு உகந்தது. பருத்தியாக இருந்தால், கஞ்சி போகும்வரை அலசி உலர்த்திய பிறகு சோதியுங்கள். கடையில் விறைப்பாகத் தோன்றிய மல் துணி இரண்டு அலசலுக்குப் பிறகு முற்றிலும் வேறு துணியாகிவிடும்.

உங்கள் பாவாடைக்கு என் தேர்வு கறுப்பு பாலியெஸ்டர் ஜார்ஜெட். முறுக்கேறிய நூலில் நெய்யப்படுவதால் அது நன்றாகத் தொங்கும். வெப்பத்தில் இளகி, ஆறியதும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் இழை என்பதால் மடிப்புகளும் நிலைக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவில் துணியை வைத்துச் சேர்த்து மடித்து, நூலால் கட்டி, ஆவிபட இஸ்திரி போட்டு, முழுவதும் ஆறிய பிறகே பிரியுங்கள்.

மறுமொழி (பொம்மைப்பெட்டி):

துணியைப் பற்றி நூலிழை சொன்னது முற்றிலும் சரி. நான் இடுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

0.3 மி.மீ. தடிமனுள்ள துணியை எடுத்துக்கொள்வோம். மடிப்பின் மூன்று அடுக்குகள், இடுப்புப் பட்டியின் இரண்டு, உள்ளே மடங்கிய தையல் ஓரம் ஒன்று என ஆறு அடுக்குகள் சேர்ந்தால் 1.8 மி.மீ. ஆகிறது. மனித உடலில் இது கண்ணுக்கே தெரியாது. பொம்மையிலோ, ஒரு பெண் தன் இடுப்பைச் சுற்றி 11 மி.மீ. தடிமனுள்ள மெத்தையைக் கட்டிக்கொண்டதற்குச் சமம். சுற்றளவும் ஏறத்தாழ 11 மி.மீ. கூடுகிறது. சுமார் 8 செ.மீ. இடையுள்ள பொம்மைக்கு இது ஏழில் ஒரு பங்கு.

பார்பியின் இடை ஏன் அவ்வளவு சிறியது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதியும் இதில்தான் இருக்கிறது. 1955இல் ஜெர்மனியில் வெளிவந்த பில்ட் லில்லி என்ற பொம்மையைப் பார்த்துத்தான் மேட்டல் பொம்மை நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர் பார்பிக்கு வடிவம் கொடுத்தார். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அது அறிமுகமானது. முதல் உடைகளை வடிவமைத்த ஷார்லட் ஜான்சன் அவற்றின் உற்பத்திக்காக ஜப்பானில் தங்கிப் பணியாற்றினார். லைனிங், சின்னஞ்சிறு ஜிப், டிச் பட்டன் என்று பெரியவர்களின் உடையிலுள்ள எல்லாமே அவற்றில் இருந்தன. இத்தனை அடுக்குகளும் ஏறிய பிறகும் இடை ஒடுங்கித் தெரிய வேண்டுமென்றால், வெற்றுடலின் இடை அதைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். அந்த உடலமைப்பு சிறுமிகளின் மனத்தில் எத்தகைய எண்ணத்தை விதைத்தது என்ற விமரிசனம் நியாயமானது. உயரமான, குட்டையான, சதைப்பற்றுள்ள உடல்களை மேட்டல் நிறுவனம் 2016இல் கொண்டுவந்ததையும் நான் வரவேற்கிறேன். ஆனாலும் உடை தைப்பவர்களாகிய நாம் அந்தச் சிறிய இடையில் துணிக்கென்று விடப்பட்ட இடத்தையும் காண வேண்டும்.

உங்கள் உடையில் ஒரு வசதி இருக்கிறது. மேற்சட்டையின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பு வரை இறங்கி மறைத்துவிடுவதால், பாவாடையின் மடிப்புகள் இடையிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. இடையிலிருந்து இடுப்பெலும்பு வரை, உடலோடு ஒட்டிய ஒற்றை அடுக்கு நெட் துணியால் ஒரு பட்டை தையுங்கள். மடிப்புப் பாவாடையை அந்தப் பட்டையின் கீழ் விளிம்பில் இணையுங்கள். தையல் ஓரத்தை 3 மி.மீ. ஆக நறுக்கி, பிரியாமலிருக்கத் துணிப்பசையை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். பின்புறம் திறப்புக்குக் கொக்கியும் நூல் கண்ணியும் போதும். வெல்க்ரோ வேண்டாம், அது தடிப்பதோடு பட்டுத் துணியையும் கீறிவிடும்.

மறுமொழி (பாரிஸ்மடிப்பு):

மேலே எழுதிய இருவரிடமும் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் மாறுபடுகிறேன். மறைந்திருக்கும் இடத்தில் நெட் துணியை வைத்துவிட்டு வெளியில் தெரிவதை மட்டும் செய்வது மேடை உடை தைப்பவரின் வழி. தையற்கலையைச் சிறிய அளவில் முழுமையாகச் செய்ய முடியும் என்பதற்குப் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1945 மார்ச்சில், போர் ஓய்வதற்கு முன்பே, பாரிஸ் உடை நிறுவனங்கள் ‘தியாத்ர் த லா மோத்’ என்ற கண்காட்சியை லூவ்ர் வளாகத்தில் நடத்தின. எலியன் பொனாபெல் வடிவமைத்த, ஏறத்தாழ 70 செ.மீ. உயரமுள்ள கம்பி உருவங்களுக்கு, போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டின் நடுவே, பலென்சியாகா, லூசியன் லெலோங், ஸ்கியாபரெல்லி முதலானோரின் கூடங்களில் உண்மையான உடைகள் தைக்கப்பட்டன. உருவத்தின் உடல் கம்பிச் சட்டம் மட்டுமே; தலை வெண்சாந்தில் வார்த்தது. அந்த உருவங்கள் இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே மாட்டப்பட்ட பொத்தான்கள் உண்மையிலேயே கழற்றி மாட்டக்கூடியவை. அந்தக் கறாரான உழைப்பை நாம் ஏன் கைவிட வேண்டும்?

மறுமொழி (நூலிழை):

அந்த உருவங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவிலானவை என்பதைக் கவனியுங்கள். நான் சொன்ன கணக்கில் அங்கே தேவைப்படும் குறைப்பு அதிகம் போனால் 27 மடங்குதான், இங்கே 216. பட்டும் மெல்லிய கம்பளியும் அங்கே ஏறக்குறைய இயல்பாக விழும். அதே துணி பன்னிரண்டு அங்குலத்தில் விழாது. 1995இல் மெல் ஓடம் உருவாக்கிய ஜீன் மார்ஷல் போன்ற, பதினைந்து பதினாறு அங்குலப் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் உடையின் நுட்பத்தைப் பற்றி அதிகம் பேசுவதற்கும் இந்த அளவு வேறுபாடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அசலின் உள்தையல் முழுவதையும் பின்பற்ற விரும்பினால் பெரிய பொம்மையை எடுங்கள். ஆறில் ஒரு பங்கில் தோற்றத்துக்காக வெட்டுவதுதான் நேர்மையான வழி. தியோரின் வடிவக்கோடு கிடைக்கவில்லை என்றால் உள்தையல் சரியாக இருந்து என்ன பயன்?

கேள்வி கேட்டவர் (சிறுதையல்):

அனைவருக்கும் நன்றி. நெட் பட்டையை வைத்துத் தற்காலிகமாகக் கோத்துப் பார்த்தேன். இடை உடனே தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். அசல் மேற்சட்டையின் இடுப்புப் பகுதிக்குள் பஞ்சடைப்பு வைத்திருப்பார்கள். அதை இந்த அளவில் எப்படிச் செய்வது? கறுப்புத் துணியின் சாயம் பொம்மையின் காலில் ஏறிவிடும் என்று ஒரு தோழி எச்சரிக்கிறார், அலசிவிட்டால் போதாதா?

மறுமொழி (பொம்மைப்பெட்டி):

பஞ்சு வேண்டாம், அது கட்டியாகத் திரண்டு தெரியும். மேற்சட்டையை இடைக்கோட்டில் இரண்டாக வெட்டுங்கள். கீழ்ப்பகுதியை வட்ட வெட்டாக எடுத்தால் தானாகவே விரியும். அதன் உட்புறத்தில், கிராஸாக வெட்டிய விறைப்பான ஆர்கன்சாவை ஒரே அடுக்காக வைத்து, இடைக்கோட்டுத் தையலில் மட்டும் பிடித்துவிடுங்கள். இதுவரை நமக்கு இடையூறாக இருந்த அதே விறைப்பு இங்கே பஞ்சடைப்பின் வேலையைச் செய்துவிடும். வெண்பட்டுக்கு, முடிச்சு விழுந்த நூலுள்ள ஷாண்டுங் பட்டு வாங்காதீர்கள். அந்த முடிச்சுகள் பொம்மையின் மீது கயிறாகத் தெரியும். லைனிங்குக்கு விற்கும் மெல்லிய வெற்றுப் பட்டே போதும்.

சாயத்தைப் பற்றி உங்கள் தோழி சொன்னது உண்மை. வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சாயத்தைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு ஏற்றும் சாயம் அதில் எளிதாகக் கரையக்கூடியது; நீரில் எத்தனை முறை அலசினாலும் இந்த இடர் நீங்காது, ஏனெனில் அது நீரில் கரையாத சாயம். சில்க்ஸ்டோன் கடினமான வினைல்தான், ஆனாலும் கறையேறிய பொம்மைகளைப் பார்த்திருக்கிறேன். துணியின் ஒரு துண்டை, வேண்டாத வெள்ளை வினைல் பொம்மையின் கையில் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் சில வாரங்கள் வைத்துச் சோதியுங்கள். காட்சிக்கு வைக்கும்போது கால்களில் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றிவிட்டு, அதன்மேல் வெள்ளை உள்பாவாடை அணிவியுங்கள். உள்பாவாடை மட்டும் இருந்தால் சாயம் மெதுவாக ஊடுருவும். கறை ஏறிவிட்டால் பென்சாயில் பெராக்சைடு கலந்த முகப்பருக் களிம்பைத் தடவி வெயிலில் வைக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அது கறையோடு சுற்றியுள்ள நிறத்தையும் வெளுக்கச் செய்யும் என்பதால், சாதாரண வினைல் பொம்மையில் முதலில் செய்து பாருங்கள். முக வண்ணத்தின் அருகே கொண்டுபோகவே வேண்டாம்.