புது எஸ்யூவி லீஸ் எடுக்கிறது: யாழ்ப்பாணத்தில இருந்து ஒன்ராறியோ வந்தவைக்கு

உரும்பிராய்:
அண்ணைமார் அக்காமாருக்கு வணக்கம். ஊரில இருந்து வந்து ஸ்காபரோவில பேஸ்மென்ரில வாடகைக்கு இருக்கிறம். ரண்டு பிள்ளையள், 2 வயசும் 6 வயசும். அவருக்கு பிரம்ரனில வேலை. வாற வருசம் மாமியும் சூப்பர் விசாவில வருவா. புது எஸ்யூவி ஒண்டு லீஸ் எடுக்கப்போறம். டீலர் கிழமைக்கு 145 டொலர்தான் எண்டுறார். ஊரில லீசிங் கட்டி எடுக்கிற மாதிரித்தானே இதுவும்? பெற்றோலோ, ஹைபிரிட்டோ, கரண்டோ நல்லம்?

கொக்குவில்:
இல்லைத் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில லீசிங் கொம்பனிக்குக் கட்டி முடிச்சால் வாகனப் புத்தகம் உங்கட பேருக்கு வந்திடும். இஞ்சை கட்டி முடிஞ்ச அண்டைக்கு வாகனத்தைத் திருப்பிக் குடுக்கவேணும். வைச்சிருக்க விருப்பமெண்டால் மிச்சப் பெறுமதியை 13% எச்எஸ்ரியோட (விற்பனை வரி) கட்டி வாங்கவேணும். மாதாமாதம் நீங்கள் குடுக்கிறது அந்த வாகனம் தேயிற பெறுமதியும், அதுக்கு மேல வட்டியும் மட்டுந்தான்.

அந்த 145ஐப் பிரிச்சுப் பாப்பம். வாகன விலை எல்லாம் சேர்த்து 42,000, தவணை 48 மாதம், முடிவில மிச்சப் பெறுமதி 55%, அதாவது 23,100. தேய்மானம் 18,900. அதை 48ஆல பிரிச்சால் மாதம் 393.75. வட்டிக்கு ஒரு கிட்டத்துக் கணக்கு இருக்கு: வட்டி வீதத்தை 2400ஆல பிரிச்சு, வாங்கிற விலையையும் மிச்சப் பெறுமதியையும் கூட்டி வாற தொகையால பெருக்குங்கோ. 6% எண்டால் 0.0025 தர 65,100, மாதம் 162.75. ரண்டையும் கூட்டினால் 556.50, எச்எஸ்ரியோட 628.85. கிழமைக்கு 145 எண்டது இதைத்தான். கொம்பனி போடுற கணக்கு சில டொலர் அங்கால இங்கால வரும், கனக்க வித்தியாசம் வந்தால் உள்ளுக்கை என்னவோ சேர்த்துப்போட்டினம்.

கிழமைக் கணக்கில சொன்னால் காசு சின்னனாத் தெரியும், அதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறவை. அந்தப் பேச்சை விட்டிட்டு நாலு விசயத்தை எழுத்தில கேளுங்கோ: வாங்கிற விலை, மிச்சப் பெறுமதி, வட்டி வீதம், மொத்தக் கட்டணம். நாலு வருசத்தில 30,000க்கு மேல கட்டுவியள். பேந்து வாங்கிறதெண்டால் இன்னும் 26,100 அளவு. கட்டாயம் சொந்தமாக்குவம் எண்ட எண்ணம் இருந்தால் லீஸ் எடுக்காதேங்கோ, முதலே கடனில வாங்கிறது பெரும்பாலும் மலிவு.

விலை பேசலாம். லீசுக்கு விலை பேச ஏலாது எண்டு சொல்லுற ஆளிட்ட நிக்காதேங்கோ. மிச்சப் பெறுமதி கொம்பனி போட்ட பட்டியல் விலையில இருந்து வாறது, நீங்கள் பேசிக் குறைக்கிற 1,000 டொலர் முழுக்கத் தேய்மானத்தில இருந்துதான் போகும். மேல சொன்ன கணக்கில அது மாதம் 26 டொலர் குறைக்கும். ஒன்ராறியோவில டீலர் விளம்பரத்தில போடுற விலைக்குள்ள அவையின்ர எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்கவேணும். எச்எஸ்ரியும் பதிவுக் காசும் மட்டும் வெளியில நிக்கலாம். இது ஒன்ராறியோவில டீலர்மாரைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பு நடைமுறைப்படுத்துற சட்டம். நிருவாகக் கட்டணம், நைதரசன் காத்து, கண்ணாடியில இலக்கம் வெட்டுறது எண்டு பேந்து ஏத்தினால் விளம்பரத்தை எடுத்துக் காட்டுங்கோ. துருப் பூச்சும் பெயின்ற் காப்பும் நாலு வருசத்தில திருப்பிக் குடுக்கிற வாகனத்துக்கு வீண்.

கையெழுத்து வைச்சால் வைச்சதுதான். டீலரிட்ட எடுத்த வாகனத்துக்கு இஞ்சை மனம்மாறுற கால அவகாசம் எண்டு ஒண்டும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையள் அழ அழ இருந்து கையெழுத்து வைக்காதேங்கோ. பேப்பரை வீட்டை கொண்டுவந்து வாசியுங்கோ.

முற்பணம் குறையக் கட்டுறதுதான் புத்தி. 4,000 கட்டினால் மாதம் 105 குறையும், உண்மைதான். ஆனால் ரண்டாம் மாதம் வாகனம் அடிபட்டு முழுச்சேதம் எண்டாலோ, களவு போனாலோ காப்புறுதி காசை லீஸ் கொம்பனிக்குத்தான் குடுக்கும். உங்கட 4,000 பெரும்பாலும் அதோட போச்சு.

இனிக் கிலோமீற்றர். டீலர் சொன்ன விலை வருசத்துக்கு 16,000க்கோ 20,000க்கோ எண்டு கேட்டனீங்களோ? ஸ்காபரோவில இருந்து பிரம்ரன் போய்வரக் கிட்டத்தட்ட 100 கி.மீ. மாதம் 22 நாள் எண்டால் வேலைக்கு மட்டும் வருசம் 26,400. கோயில், கடை, மொன்றியலில கலியாணவீடு எல்லாம் இதுக்கு வெளியில. 20,000க்கு எடுத்தால் நாலு வருசத்தில 25,000க்கு மேல கூட ஓடியிருப்பியள். கி.மீக்கு 15 சதம் எண்டால் 3,840, எச்எஸ்ரியோட 4,300க்கு மேல. கூடின கிலோமீற்றரைத் தொடக்கத்திலயே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. எவ்வளவெண்டு ஒப்பந்தத்தில எழுதுவியுங்கோ.

நெல்லியடி:
எரிபொருள் கேள்விக்கு நான் சொல்லுறன். முதல் டீசலை மறவுங்கோ. பஜேரோ, பிராடோ பாத்துப் பழகின கண்ணுக்கு எஸ்யூவி எண்டால் டீசல்தான், இஞ்சை இந்த அளவு வாகனத்தில டீசல் இல்லையெண்டே சொல்லலாம்.

நடுத்தர எஸ்யூவி, நாலு சில்லும் இழுக்கிறது, வெறும் பெற்றோலில 100 கி.மீக்கு 8.3 லீற்றர் அளவு குடிக்கும். அதே அளவு ஹைபிரிட் 6.3. வருசம் 20,000 ஓடினால் 400 லீற்றர் மிச்சம். லீற்றர் 1.40 எண்டு வைச்சால் 560 டொலர், நாலு வருசத்தில 2,240. இனி மற்றப் பக்கம்: ஹைபிரிட் 3,000 டொலர் கூட எண்டால் லீசில நீங்கள் அந்த 3,000ஐயும் கட்டேல்லை, தேயிற பங்கையும் வட்டியையுந்தான். மேல போட்ட அதே வீதத்தில எச்எஸ்ரியோட 2,150 அளவு வரும். 20,000 ஓடுறவைக்குச் சரிக்குச் சரி. உங்கட அவர் 26,400 ஓடுறார், மிச்சம் 2,950 டொலருக்குக் கிட்ட, உங்களுக்கு ஹைபிரிட்தான். ஆனால் இது காகிதக் கணக்கு. ஹைபிரிட்டின்ர கெட்டித்தனம் மார்க்கம் றோட்டு, பின்ச் மாதிரி நிண்டு நிண்டு போற இடத்தில. 401 நெடுஞ்சாலை திறந்து கிடக்கேக்கை 120இல ஓடினால் வித்தியாசம் சுருங்கும். தை, மாசியில கீற்றருக்காக இயந்திரம் அடிக்கடி எழும்பும், அப்ப 6.3 எண்டது 7.5, 8க்குப் போனாலும் பழுதெண்டு நினைக்காதேங்கோ.

ஊரில பழைய ஹைபிரிட்டின்ர பற்றறி போய்ப் பட்ட பாட்டைக் கண்டவை இஞ்சையும் பயப்பிடுவினம். அது ஓடித் தேஞ்சு இறக்கின வாகனம். இஞ்சை புதுசுக்கு ரொயோற்றா ஹைபிரிட் பற்றறிக்கு 10 வருசம் அல்லது 240,000 கி.மீ உத்தரவாதம் குடுக்குது, ஹொண்டா 8 வருசம் அல்லது 160,000. நாலு வருச லீசுக்கு அந்தக் கவலை தேவையில்லை. ரொயோற்றா ராவ்4 2026 மொடலில இருந்து வெறும் பெற்றோலில வாறதுமில்லை.

முழுக்கரண்டு வாகனம் நல்ல வாகனம், ஆனால் பேஸ்மென்ரில இருக்கிற உங்களுக்கு இப்ப சரிவராது. சாதாரண 120 வோல்ற் பிளக்கில 12 அம்பியர் இழுத்தால் மணித்தியாலத்துக்கு 1.4 அலகு. இரவு 10 மணித்தியாலம் போட்டால் 14 அலகு, கோடையில 70 கி.மீ ஓடலாம். பிரம்ரன் போய்வர 100. நல்ல குளிரில மூண்டில ஒரு பங்கு தூரம் குறையும். 240 வோல்ற் சார்ஜர் பூட்ட 40 அம்பியர் தனி வயர் இழுக்கவேணும், உரிமம் உள்ள எலெக்ரீசியன் வேணும், வீட்டுக் கரண்டுப் பலகை 100 அம்பியர் எண்டால் இடம் காணாமலும் போகலாம். வீட்டுக்காரர் சம்மதிக்கவேணும். இரவு 11 மணி தொடக்கம் காலமை 7 வரை கனக்க மலிவான கரண்டுக் கட்டணத் திட்டம் ஒண்டு 2023இல இருந்து இருக்கு. ஆனால் அதை எடுத்தால் கிழமை நாளில பின்னேரம் 4 தொடக்கம் 9 வரை விலை ஏறும். மேல்வீட்டில சமையல் நடக்கிற நேரம் அதுதானே, மீற்றர் ஒண்டெண்டால் சண்டையும் வரும். மத்திய அரசு முந்திக் குடுத்த 5,000 டொலர் சலுகை 2025 தையில நிண்டது, பேந்து 2026இல புதுத் திட்டம் ஒண்டு அறிவிச்சவை, ஒன்ராறியோவின்ரது 2018இலயே போட்டுது. பழைய காணொளி பாத்திட்டுக் கணக்குப் போடாதேங்கோ. டீலர் ஏதும் சலுகை எண்டால் ஒப்பந்தத்தில தொகையாக் காட்டச் சொல்லுங்கோ.

பெற்றோலில 87 ஒக்ரேன் காணும். தாங்கி மூடியில 91 எண்டு எழுதியிராட்டி பிறீமியம் அடிக்கிறது காசைக் கொட்டுறது.

மானிப்பாய்:
வாகனத்தைத் தெரிவு செய்ய முதல் காப்புறுதி விலை கேளுங்கோ. இது பின்னுக்குப் பாக்கிற விசயம் இல்லை, புதுசா வந்தவைக்கு மாதக் காப்புறுதி லீஸ் காசுக்குக் கிட்ட வரலாம். டீலரிட்ட வின் இலக்கத்தை (வாகனத்தின்ர அடையாள இலக்கம்) வாங்கி மூண்டு இடத்தில கேளுங்கோ, ஒரு வீதி தள்ளித் தபால் குறியீடு மாறினாலும் விலை மாறும். லீஸ் கொம்பனியள் பொதுவா 10 லட்சம் டொலர் பொறுப்புக் காப்பும், மோதல், களவு எல்லாத்துக்கும் முழுக்காப்பும் கேப்பினம். சட்டத்தின்ர ஆகக் குறைஞ்சது 2 லட்சம்தான், அது காணாது. லீஸ் வாகனத்துக்கு காப்புறுதிப் பத்திரத்தோட ஓபிசிஎஃப் 5 எண்ட இணைப்பு வேணும். முழுச்சேதமானால் தேய்மானம் கழிக்காமல் தர ஓபிசிஎஃப் 43ஏ இணைப்பையும் கேளுங்கோ.

2022இல கனடாவில ஆகக்கூடக் களவு போனது ஹொண்டா சிஆர்-வி, 2023இல ரொயோற்றா ஹைலாண்டர். இப்பிடியான மொடலுக்குச் சில கொம்பனியள் தேடிப்பிடிக்கிற கருவி பூட்டச் சொல்லும், இல்லாட்டிக் கூடக் காசு கேக்கும். சாவியைக் கதவடியில தொங்கவிடாதேங்கோ, வெளியில நிண்டே அதின்ர சிக்னலை இழுத்து வாகனத்தைத் திறப்பினம். சிக்னல் மறைக்கிற பையும் ஸ்ரியறிங் பூட்டும் கனக்கச் செலவில்லை.

இன்னொண்டு, எங்கட ஆக்கள் செய்யிற வேலை. மாமாவின்ர பேரில லீஸ், அவர்தான் முக்கிய சாரதி எண்டு காப்புறுதி, ஓடுறது மருமகன். அடிபட்ட அண்டைக்கு விசாரிச்சால் பொய் விபரம் எண்டு கொம்பனி காசு தராமல் விடலாம். மாமா கடனுக்குப் பிணை நிக்கலாம், அதில பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஓடுறவரின்ர பேரைச் சரியாச் சொல்லுங்கோ. பிணை நிண்டவரின்ர கடன் அறிக்கையிலயும் அந்த லீஸ் ஏறும், நீங்கள் ஒரு மாதம் பிந்தினால் அவருக்கும் அடி. வேலைக் கடிதம், கடைசிச் சம்பளச் சிட்டையள், பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டை இருந்தால் புதுசா வந்தவைக்கெண்டு தனித் திட்டம் வைச்சிருக்கிற கொம்பனியளும் வங்கியளும் இருக்கு, முதல் அங்கை கேளுங்கோ. வேலை விசாவில நிக்கிறவைக்கு விசா முடியிற திகதிக்கு மேல தவணை குடுக்கிறது அருமை.

இன்னும் யாழ்ப்பாணத்தில நிக்கிறவை இதை வாசிச்சால்: ஏற முதலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில லைசன்ஸ் உறுதிக் கடிதத்தை ஆங்கிலத்தில எடுத்து வாங்கோ, முதல் லைசன்ஸ் தந்த திகதி அதில இருக்கவேணும். 2 வருசத்துக்கு மேல அனுபவம் காட்ட அது வேணும். அது இருந்தால் எழுத்துச் சோதனை முடிச்சு நேர ஜி (முழு லைசன்ஸ்) வீதிச் சோதனைக்குப் போகலாம். இல்லாட்டி ஜி1, ஜி2 எண்ட பழகுநர் படியளில இழுபடும். ஜி1இல தனிய ஓட ஏலாது, லீஸ் எடுத்தும் வாகனம் முத்தத்தில நிக்கும். இப்ப உள்ள வாகனக் காப்புறுதிக் கொம்பனியிட்ட இழப்பீடு எடுக்கேல்லை எண்ட கடிதமும் வாங்குங்கோ. சிலர் பாப்பினம், சிலர் பாக்காயினம், கொண்டுவந்தால் நட்டமில்லை.

உரும்பிராய்:
நன்றி. மாமிக்காக மூண்டாம் வரிசை உள்ளது எடுக்கவோ? டீலர் 20 அங்குல றிம், கண்ணாடிக் கூரை உள்ளதைக் காட்டுறார்.

சாவகச்சேரி:
மூண்டாம் வரிசை வேண்டாம் பிள்ளை. சின்ன எஸ்யூவியில அது பேருக்குத்தான், மடிக்காமல் விட்டால் பின்னுக்கு அரிசி மூட்டையும் தள்ளுவண்டிலும் வைக்க இடமில்லை. உங்கட பிரச்சினை நடுச்சீற். 2 வயசுக்கு ஒரு இருக்கை, 6 வயசுக்கு பூஸ்ரர், நடுவில மாமி. சட்டப்படி 8 வயசோ, 36 கிலோவோ, 145 செ.மீ உயரமோ வரும்வரை பூஸ்ரர் வேணும். ரண்டு இருக்கையையும் டீலரிட்டக் கொண்டுபோய்ப் பூட்டி, நடுவில பெரிய ஆள் ஒராளை இருத்திப் பெல்ற் கொழுவிப் பாருங்கோ. கொழுவுற இடம் பூஸ்ரருக்கு அடியில போனால் அந்த வாகனம் உங்களுக்கு ஆகாது. ஊரில இருந்து கொண்டுவந்த பிள்ளை இருக்கையை இஞ்சை பாவிக்கக்கூடாது, கனடாப் பாதுகாப்பு முத்திரை வேணும்.

20 அங்குலமும் கண்ணாடிக் கூரையும் பொடியளுக்கு. 17 அங்குல றிம் உள்ள அடிப்படை ரகத்தை எடுங்கோ: ரயர் மலிவு, மாசி பங்குனிக் குழியளில றிம் வளையிறதும் குறைவு. சூடாகிற சீற், சூடாகிற ஸ்ரியறிங், தூரத்தில இருந்து இயக்கிறது, இந்த மூண்டுக்கும் காசு குடுக்கலாம். தூர இயக்கம் சாவியிலயோ, சந்தா கட்டுற அப்பிலயோ எண்டு கேட்டு வையுங்கோ. அப்பெண்டால் இலவசக் காலம் முடிய மாதாமாதம் கேக்கும். முன்னுக்கு உள்ள ராடரைப் பனி மூடினால் தானாப் பிறேக் போடுறது, இடைவெளி பிடிக்கிறது எல்லாம் நிண்டிடும். அது பழுதில்லை, துடைச்சுவிட்டால் சரி.

நாலு சில்லும் இழுத்தாலும் பனி ரயர் வேணும். இழுவை வெளிக்கிடத்தான் உதவும், நிப்பாட்டுறது ரயர். 7 பாகைக்குக் கீழ சாதாரண ரயர் இறுகிப்போகும். நாலும் போடுங்கோ, பக்கத்தில மலையும் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்கவேணும். காப்புறுதிக் கொம்பனிக்குச் சொன்னால் கழிவு தரவேணும், அது ஒன்ராறியோவில 2016இல இருந்து சட்டம். தனி றிம்மோட வாங்கினால் ஒவ்வொரு முறையும் கழட்டிப் பூட்டுற கூலி குறையும். வாகனத்தோட வந்த நாலு ரயரையும் எறிஞ்சுபோடாதேங்கோ. பேஸ்மென்ரில இடமில்லாட்டி ரயர் கடையில பருவத்துக்குக் காசு கட்டி வைக்கலாம். திருப்பிக் குடுக்கேக்கை அதே அளவு ரயர், பூ 3 மி.மீக்குக் குறையாமல் இருக்கோ எண்டு பாப்பினம், இல்லாட்டி அவை சொல்லுற விலைக்குப் புதுசு போட்டுக் கணக்கில ஏத்துவினம்.