ரேடியேட்டரைக் கழுவிய பிறகும் கொதிக்கும் 1988 அம்பாசிடர்

பாளைக்காரன்:
அப்பாவின் வண்டி. மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. அவர் காலமான பிறகு நான்கு வருடம் வேப்பமரத்தடியிலேயே நின்றது. தை மாதம் பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி ஓடவைத்துவிட்டேன். ஊருக்குள் தொல்லையில்லை. கோவில்பட்டிக்குக் கிளம்பினால் கயத்தாறு வருவதற்குள் ஊசி சிவப்பைத் தொட்டுவிடுகிறது.

ரேடியேட்டர் கடையில் கொடுத்தேன். மேல் தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டு, ஈயம் வைத்துத் தந்தார்கள். 10 நாள் அருமையாக ஓடியது. பிறகு பழைய கதை. திறந்து பார்த்தால் தண்ணீர் மறுபடி செம்மண் கரைத்தது போல இருக்கிறது. அப்பா கடைசிவரை வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றினார். ஒருமுறை ஒழுகியபோது மஞ்சள் தூளையும் கொட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மெக்கானிக் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். எஞ்சின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் உள்ளே இல்லவே இல்லை. யார் எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?

காரைக்குடி டீசல்:
பேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?

ஸ்பானர் பெரியவர்:
காரைக்குடிக்காரர் பெல்ட்டையும் மூடியையும் சொன்னது சரி, தெர்மோஸ்டாட்டைச் சொன்னது தவறு. 40 வருடமாக இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அது இல்லாவிட்டால் எஞ்சின் பக்குவமான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோல் வீண், சிலிண்டருக்கும் தேய்மானம். புதிது வாங்கியதும் அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 10 நாள். ரேடியேட்டர் சுத்தமாகத்தான் இருந்தது. சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் பிளாக்கில் கிடந்த துரு கிளம்பி வந்து அதை மறுபடி அடைக்க 10 நாள் பிடித்திருக்கிறது. இந்த எஞ்சினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது. பின்னால் போகப் போக ஓட்டம் மந்தம். கனமான துரு நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் உட்காரும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு சிலிண்டர் சுவரிலேயே ஓடு கட்டும். அந்த ஓட்டைத் தாண்டிச் சூடு தண்ணீருக்கு வருவது கடினம். மஞ்சள் தூள் ஒழுகலையும் அடைக்கும், ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும்.

ஹெட்டில் கை வைக்குமுன் ஒரு சோதனை. எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் நிரப்புங்கள். பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். குமிழ் தொடர்ந்து வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயிலைக் கம்பியில் எடுத்துப் பாருங்கள், பால் கலந்த நிறத்தில் இருந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் ஹெட்டை விட்டுவிடுங்கள்.

இனி வேலை. ரேடியேட்டரை முதலில் கழற்றி ஓரமாக வையுங்கள். இல்லையென்றால் பிளாக்கின் சேற்றை அதற்குள் நீங்களே தள்ளுவீர்கள். பிளாக்கின் பின்புறம் சிறிய வடிகால் குழாய் இருக்கும், அதைத் திறங்கள். எதுவும் வராது. சைக்கிள் சக்கரக் கம்பியை விட்டுக் குத்துங்கள். அதற்குப் பக்கத்தில் பிளாக்கின் ஓட்டையை அடைத்திருக்கும் தகடான வெல்ச் பிளக்கையும் தட்டி எடுத்துவிடுங்கள், புதிது மலிவுதான். அந்த ஓட்டை வழியாகக் கம்பியால் கிளறிக்கொண்டே, மேலே தெர்மோஸ்டாட் வாயில் தோட்டக் குழாயை வைத்துத் தண்ணீர் தெளியும்வரை அடியுங்கள்.

சேறு போன பிறகுதான் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). பழைய ரேடியேட்டர் ஒன்று கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டு, லிட்டருக்கு 50 கிராம் கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கிக் கால் மணி நேரம் ஓடவிட்டு வடியுங்கள். நல்ல தண்ணீரால் அலசி, சமையல் சோடாக் கரைசல் ஒருமுறை, மறுபடி அலசல். அலுமினிய ஹெட் உள்ள வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கடைசியில் கூலன்ட்டும் வாலை வடிநீரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும், நாயோ ஆடோ நக்கினால் செத்துப்போகும்.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

குமிழ் இல்லை, ஆயிலும் சுத்தம். வடிகாலைத் திறந்தேன், நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டுகூட வரவில்லை. கம்பி ஒரு விரல் அளவு போய் நின்றுவிட்டது. திருகித் திருகிக் குத்தியதும் முதலில் காப்பி நிறத்தில் நூல் போல ஒழுகியது. பிறகு களிமண் உருண்டை உருண்டையாக வந்து, நடுவில் ஒரு செதில் குறுக்கே சிக்கி மறுபடி நின்றது. வெல்ச் பிளக்கில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத்தான் தட்டினேன், அப்பளம் போல உடைந்து உள்ளே போய்விட்டது. இத்தனை நாள் அதைத் தாங்கி நின்றதே துருதான் போலிருக்கிறது. அள்ளியது அரைப் பெயிண்ட் டப்பா. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மஞ்சள் கறை இன்னும் ஒட்டியது.

தெர்மோஸ்டாட் மூடியின் மூன்று ஸ்டட்டில் ஒன்று முறிந்தது. அதற்கு லேத் பட்டறைக்கு ஆள் தேடியே ஒரு நாள் போயிற்று. நேற்று கோவில்பட்டி போய்த் திரும்பினேன். ஊசி நடுவில்தான் நின்றது. கயத்தாற்றில் வேண்டுமென்றே நிறுத்தி டீ குடித்தேன்.

ஒரு சந்தேகம். கீழ் ஹோஸ் புதிது, ஆனாலும் காலையில் பார்த்தால் கிளிப் ஓரத்தில் ஒரு சொட்டு நிற்கிறது.

ஸ்பானர் பெரியவர்:
ஸ்டட்டுக்கு முன்கூட்டியே எண்ணெய் விட்டு ஊறவைக்கச் சொல்ல மறந்துவிட்டேன், என் தவறு. புது ஹோஸ் இரண்டு மூன்று முறை சூடானதும் அமுங்கிக் கிளிப் தளரும். எஞ்சின் ஆறியபின் அரைச் சுற்று இறுக்குங்கள். அதற்குமேல் இறுக்கினால் ரப்பர் அறுந்துவிடும்.